சிப்பி பொறுக்கப் போனவர்

போன வாரம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து நித்யா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண். “மேடம், ஷெல்ஃபிஷ் பெட்னு ஒரு வார்த்தை வந்திருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டா சிப்பிப் படுகைன்னு வருது. அப்படியே வெச்சிடலாங்களா?”

ஒரு வரிக் கேள்வி. ‘வெச்சிடு’ என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். மூன்று நாளாகப் போடவில்லை. ரிடையர் ஆனதும் மேடத்துக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும். முப்பத்து நாலு வருஷம் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருந்ததில் நான் செய்த பெரிய தப்பு ஒன்றுதான். அது அந்த வார்த்தையில்தான் நடந்தது. போனில் தட்டி அனுப்பும் பதில் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் மொழிபெயர்ப்பு ஆபீஸ் வைத்து யார் பிழைப்பது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மலையைச் சுற்றி வீடு எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். அவர்களில் சிலர் இங்கேயே கல்யாணம் செய்துகொள்வார்கள், சிலர் இங்கேயே செத்துப்போவார்கள். எல்லாவற்றுக்கும் பேப்பர் உண்டு. எங்கள் ஊர்ப் பையன்கள் வெளிநாட்டுக்குப் போவார்கள். பிறப்புச் சான்று, படிப்புச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று என்று எல்லாம் இங்கிலீஷில் வேண்டும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போகும் வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். பி.ஏ. ஆங்கிலம் முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, ஆறு மாதம் டைப்பிஸ்டாக இருந்து, பிறகு மொழிபெயர்ப்பாளர் ஆனேன். படித்துக் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது.

திட்டியவர் தெய்வசிகாமணி சார், ஆபீசின் சொந்தக்காரர். திட்டினார் என்றால் குரலை உயர்த்தினார் என்று அர்த்தமில்லை. ஓரடி எவர்சில்வர் ஸ்கேல் ஒன்று வைத்திருப்பார். நான் எழுதியதை வரி வரியாக அந்த ஸ்கேலை இறக்கி இறக்கிப் படிப்பார். ஸ்கேல் ஒரு வரியில் நின்றுவிட்டால் அங்கே ஏதோ தப்பு. எதுவும் சொல்லமாட்டார். அந்த வரிக்கு அடியில் ஸ்கேலால் இரண்டு தட்டு தட்டுவார். என்ன தப்பு என்பதை நானே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கிற வரைக்கும் அவர் ஜன்னல் வழியாகக் கீழே போகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். வாய்விட்டுக் கத்துகிற மேலதிகாரி கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அவர் ஆபீசில் எந்தப் பேப்பரும் மூன்று பார்வை தாண்டாமல் முத்திரை வாங்காது. முதல் பார்வை என்னுடையது, பென்சிலில். இரண்டாவது சாருடையது. மூலத்தைப் பார்க்காமல், என் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் திரும்ப இங்கிலீஷில் சொல்வார். நான் மூலத்தோடு ஒத்துப் பார்ப்பேன். மூன்றாவதுதான் விசித்திரம். கீழே டீக்கடை வைத்திருந்த கன்னியப்பனை மேலே கூப்பிட்டு, பேர், ஊர் எல்லாம் மறைத்துவிட்டு, தமிழைப் படித்துக் காட்டி, “என்ன புரிஞ்சுது?” என்று கேட்போம். கன்னியப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதுதான் அவருடைய தகுதி. அவர் சொல்வது மூலத்தோடு பொருந்தினால் சார் முத்திரை வைப்பார். பொருந்தாவிட்டால் வேலை முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போகும் பேப்பருக்கு மூன்றாவது பார்வை கிடையாது. அதற்கு எங்களிடம் வெள்ளைக்காரக் கன்னியப்பன் இல்லை. அதன் பலனைச் சீக்கிரமே அனுபவித்தேன். கோயிலில் பூஜை செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவர், வெளிநாட்டில் ஒரு கோயிலுக்கு அர்ச்சகராகப் போக விண்ணப்பித்தார். அவர் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். நைவேத்தியம் என்று வந்த இடத்தில் நான் ‘சர்விங் ஃபுட்’ என்று நேராக இங்கிலீஷில் போட்டுவிட்டேன். நேர்காணலுக்குப் போய்விட்டு வந்து என் மேஜை முன்னால் நின்றார். “ஏம்மா, நான் என்ன ஓட்டல் சர்வரா? ஒரு வேளைக்கு எத்தனை பேருக்குப் பரிமாறுவேன்னு கேக்கறா.”

சார் வரிக்கு அடியில் இரண்டு தட்டு தட்டினார். அன்றைக்கு மட்டும் வாயையும் திறந்தார். “இதை எழுதறப்ப உன் கண்ணு முன்னால என்ன தெரிஞ்சுது?”

“சாப்பாடுங்க சார்.”

“அங்க கேள்வி கேட்டவனுக்கும் அதான் தெரிஞ்சிருக்கு.”

பையன் இரண்டாம் முறை போய் வேலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு அந்தக் கேள்வி மட்டும் தங்கியது. படிப்பவர் கண்ணுக்கு என்ன தெரியும் என்று யோசித்து எழுதப் பழகினேன். பழகப் பழக அதில் ஒரு கர்வமும் வந்துவிட்டது. அகராதிச் சொல்லைக் கண்டாலே எனக்கு இளக்காரம். யாருக்குப் புரியும் என்று ஒதுக்கிவிட்டு, நாலு எளிய வார்த்தையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருவேன். அந்தக் கர்வம்தான் என்னைப் பச்சையம்மாள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் இருந்தது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். பச்சையம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் ஏழுமலை ஏஜென்ட் மூலமாக ஐரோப்பாவின் வடக்கே ஒரு குளிர்தேசத்துக்குப் போய், கடல் சிப்பி எடுத்து விற்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கேயே கடலில் மூழ்கிச் செத்துப்போனார். உடல் வந்து, காரியம் எல்லாம் முடிந்த பிறகு, அந்த ஊர் மரண விசாரணை அறிக்கை நாலு பக்கம் இங்கிலீஷில் வந்தது. கூடவே கம்பெனியின் கடிதம். அன்றைக்கு அவருக்கு வார விடுமுறை, அவராகத்தான் போனார் என்று அதில் எழுதியிருந்தது. வேலையில் செத்தாரா, சும்மா போய்ச் செத்தாரா என்பதை விசாரணை இன்னும் முடிவு செய்யவில்லை. வேலையில் என்று முடிவானால் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. இல்லையென்றால் ஒன்றுமில்லை. அறிக்கையைத் தமிழில் படித்துப் புரிந்துகொண்டோம் என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அந்தத் தமிழ்தான் என் வேலை.

இரண்டாம் பக்கத்தில், இறந்தவர் ‘காக்கிள் பெட்’டில் தனியாக இருந்தபோது நீர் சூழ்ந்தது என்று இருந்தது. காக்கிள் என்பது மட்டி, இரண்டு ஓட்டுக்குள் வாழும் ஒரு சின்னக் கடல் உயிர். எங்கள் பக்கத்தில் ஓடு வைத்த எல்லாமே சிப்பிதான். அகராதி ‘சிப்பிப் படுகை’ என்றது. நித்யாவின் கம்ப்யூட்டர் சொன்ன அதே வார்த்தை. ஏழு வருஷம் முன்னால் அது என் கையில் இருந்தது. யாருக்குப் புரியும் என்று தள்ளிவிட்டு, ‘கடற்கரையில் சிப்பிகள் கிடக்கும் இடம்’ என்று எழுதினேன்.

எங்கள் ஊரில் கடல் என்றால் மெரினா, பாண்டிச்சேரி, மகாபலிபுரம். பள்ளிக்கூடத்தில் பஸ் வைத்து அழைத்துப் போவார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கால் நனைப்போம், சிப்பி பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வோம், மாங்காய் தின்றுவிட்டுத் திரும்புவோம். கடலில் வேலை செய்கிற மனிதர் எங்கள் யார் வீட்டிலும் கிடையாது. எனக்கு அந்த வரியைப் படித்ததும் தெரிந்தது மகாபலிபுரம்தான். அது தெரிந்த பிறகு மற்ற வார்த்தைகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. அவர் பக்கத்தில் கிடந்த இரண்டு வலைச் சாக்குகளை ‘வலைப்பைகள்’ என்று எழுதினேன். இரும்புப் பல் வைத்த வாருகோலைக் ‘கைக்கருவி’ என்றேன்.

சார் திருப்பிச் சொன்னார். பீச்சில் சிப்பி கிடக்கும் இடம் என்றுதான் அவர் இங்கிலீஷும் வந்தது. சரிதான் சார் என்றேன். கன்னியப்பன் வந்தார். கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பாவம். பீச்சுல சிப்பி பொறுக்கப் போயி தண்ணில மாட்டிக்கினாரு.”

“ஆமாங்க” என்றேன் நான்.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது. சாருடைய மூன்றாவது பார்வை அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. என் தப்பைப் பிடித்து என் கையிலேயே கொடுத்தது. என் கண்ணில் இருந்த படமும் அதுவே என்பதால் அதை நான் சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன். சார் முத்திரை வைத்தார்.

அடுத்த மாதம் பச்சையம்மாள் மறுபடி வந்தார். அன்றைக்குப் பௌர்ணமி. காலையிலிருந்தே கிரிவலக் கூட்டம், பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வெயிலில் நடந்து வந்து, படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கவரை நீட்டினார். கம்பெனி அனுப்பிய ஒரு பக்க ஒப்புதல் பத்திரம். ஓய்வு நாளில் தன் விருப்பப்படி கடற்கரைக்குப் போனபோது நடந்த விபத்து என்று குடும்பம் ஏற்றுக்கொள்கிறது, மேற்கொண்டு எதுவும் கேட்காது. நாங்கள் தமிழில் படித்துக் காட்டி, அவர் கையெழுத்துப் போட்டு, எங்கள் முத்திரையோடு மறுநாள் மதியத்துக்குள் ஈமெயிலில் போய்ச் சேர வேண்டும்.

“நீங்க போடறதா முடிவு பண்ணிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க வக்கீலு போட்டுடுன்னாரும்மா. நீங்க எழுதிக்குடுத்த பேப்பருலயே கடற்கரைன்னுதான இருக்குது, அதுக்கு மேல நான் என்ன பேசறதுன்னாரு.” தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “ஊர்ல எல்லாரும் அதைப் படிச்சிட்டாங்க. பொண்டாட்டி புள்ளைங்கள இங்க உட்டுட்டு அங்க சிப்பி பொறுக்கப் போனான்னு பேசறாங்க. என் பெரியவள ஸ்கூல்ல சிப்பின்னு கூப்புடறாங்களாம். போவ மாட்டேன்னு உக்காந்துக்கினு இருக்குது.”

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே போகும் கூட்டத்தைப் பார்த்தார். அவராகவே சொன்னார். “அவரு செத்ததும் பௌர்ணமி அன்னிக்குத்தான். பௌர்ணமின்னா போனே எடுக்க மாட்டாரு. தூரத்து வேலைன்னுவாரு. அமாவாசைக்கும் அப்படித்தான்.”

“தூரத்து வேலைன்னா?”

“தெரியாதும்மா. அன்னிக்குத்தான் தண்ணி ரொம்ப தூரம் உள்ள வாங்குமாம். மத்த நாள்ல கிட்டக்கவே வேலைன்னு சொல்லுவாரு.”

எழுந்து போய்க் கோப்பை எடுத்தேன். அறிக்கையின் மூன்றாம் பக்கம். அந்த ‘பெட்’ கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடல் மிக அதிகமாக வற்றும் நாட்களில் சில மணி நேரம் மட்டும் தண்ணீருக்கு வெளியே வரும். தண்ணீர் திரும்பும்போது முதலில் அதற்கும் கரைக்கும் நடுவே இருக்கும் பள்ளம் நிரம்பிவிடும். எல்லாம் எழுதியிருந்தது. நானே தமிழும் பண்ணியிருந்தேன், ஒரு வார்த்தை பிசகாமல். இரண்டாம் பக்கத்தில் கடற்கரை என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு மூன்றாம் பக்கத்தில் மூன்று கிலோமீட்டர் எப்படிக் கண்ணில் படும்? எனக்கே படவில்லை.

போனை எடுத்து, முதல் தடவையே செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன். காக்கிள் பெட் என்று போட்டுத் தேடி ஒரு வீடியோவைத் திறந்தேன். அலை இல்லை, மணல்மேடு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. அதில் ஒரு டிராக்டர். முப்பது நாற்பது பேர் வரிசையாகக் குனிந்து வாருகோலால் வாரிக்கொண்டிருந்தார்கள். சல்லடையில் சலித்தார்கள், பொடி மட்டியைத் திரும்பச் சேற்றிலேயே விட்டார்கள், பெரியதைச் சாக்கில் கட்டினார்கள். அங்கே மட்டி கரை ஒதுங்கிக் கிடப்பதில்லை. சேற்றுக்குள் உயிரோடு, வருஷா வருஷம் அதே இடத்தில் விளைகிறது. அந்த இடத்துக்கு எல்லை உண்டு, பேர் உண்டு, எடுக்க அனுமதிக்கும் காலம் உண்டு. அந்த மொழிக்காரர்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவர்களுக்கு இத்தனையும் தெரியும்.

பச்சையம்மாள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இதுவாம்மா அந்த எடம்? நடவு நடறாப்புல குனிஞ்சிக்கினு இருக்காங்க.”

“இந்த மாதிரி இடம்தாங்க.”

“அப்ப இது கழனிம்மா” என்றார். “அவரு கழனிக்கில்ல போயிருக்காரு.”

அந்த நிமிஷம் எனக்கு அவமானமாக இருந்தது. முப்பது வருஷம் மொழிபெயர்த்த நான் பார்க்காததை அவர் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். நான் செய்த தப்பை அவரிடம் சொன்னேன். கடற்கரை என்பது மூலத்தில் இல்லை, நான் சேர்த்தது என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார்.

“அவரு சாவறதுக்கு மொத நாளு குரல் அனுப்பியிருந்தாரும்மா. அன்னிக்கு ஒரு தடவ கேட்டது. அப்பறம் கேக்கல. அழிக்கவும் இல்ல. யாரும் கேக்கவும் இல்ல. நீங்க கேளுங்க, நான் வெளிய இருக்கறேன்.”

மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டேன். காற்றுச் சத்தம், பிறகு ஒரு ஆம்பளைக் குரல், கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த குரல். “பச்சே, நாளைக்கு போன் பண்ணாத. பௌர்ணமியாச்சே, தூரத்துக்குக் கூட்டிக்கினு போறாங்க. லீவு நாளுதான், ஆனா வந்தே ஆவணும்னுட்டாங்க. நீ கிரிவலம் போறதா இருந்தா புள்ளைங்கள அம்மாகிட்ட உட்டுட்டுப் போ. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்.”

மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவை ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொண்டேன்.

சார் மதியச் சாப்பாடு முடித்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், “அந்தம்மா புதுசா ஒரு வாக்குமூலம் குடுக்கட்டும். அதையும் குரலையும் இங்கிலீஷ் பண்ணிக் குடுப்போம். பழசைத் தொடாத.”

“பழசுல அவங்க கையெழுத்து இருக்குதுங்க சார். படிச்சேன், புரிஞ்சுதுன்னு. கடற்கரைன்னு நீங்களே ஒத்துக்கினீங்களேன்னு கம்பெனிக்காரன் அதை எடுத்து நீட்டுவான். நாம அதை வாபஸ் வாங்கணும்.”

“திருத்தச் சான்று குடுத்தா என்ன ஆவும்னு உனக்குத் தெரியும்.”

தெரியும். அந்த நாட்டுப் பேப்பர்களை மொழிபெயர்க்க அங்கீகாரம் பெற்ற சில ஆபீஸ்களில் எங்களுடையது ஒன்று. முத்திரை வைத்த மொழிபெயர்ப்பைத் தப்பு என்று நாங்களே எழுதிக் கொடுத்தால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். எங்கள் வேலையில் பாதி அந்த முத்திரையால் வந்தது. ஆபீஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் ஒரு திருத்தச் சான்றுகூடக் கொடுத்ததில்லை. அதை எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். வேறு எதற்கும் அவர் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

“என் பேர்ல போடுங்க சார். எழுதினது நான். வேலைய விட்டு நிக்கிறேன்.”

“முத்திரை என்னுது” என்றார். குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “உன் பேரைப் போட்டா மட்டும் என் முத்திரை கழுவிக்குமா?”

கதவுப் பக்கத்திலிருந்து பச்சையம்மாள் குரல் வந்தது. “சார், உங்களுக்குக் கஷ்டம்னா வேணாங்க. நான் அந்தக் கையெழுத்தையே போட்டுட்டுப் போறேன். மூணரைக்கு பஸ்ஸு, இன்னிக்கு அதையும் நடந்து போயித்தான் புடிக்கணும்.”

குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே அவருக்காகச் சொன்னார். சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்காமல் அவரிடம் கேட்டார். “அந்தக் குரலை நானும் கேக்கலாங்களாம்மா?”

இந்தத் தடவை பச்சையம்மாள் வெளியே போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்’ என்று முடிந்ததும் கீழே சாலையில் போகும் கூட்டத்தின் சத்தம் கேட்டது. அவர் அழுதார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பழைய பிரதியை எடு” என்றார்.

நான் புதிதாக எழுதினேன். ஆத்திரத்தில் எழுதியதால் ‘மட்டி விளையும் கடல் கழனி, ஆட்களின் பணியிடம்’ என்று போட்டிருந்தேன். ஸ்கேல் அந்த வரியில் நின்றது. இரண்டு தட்டு.

“பணியிடம்னு மூலத்துல இருக்குதா?”

“இல்லைங்க சார்.”

“கழனி?”

“அதுவும் இல்லைங்க. ஆனா சார், அந்தம்மாவே பார்த்துட்டு...”

“எடு. ஏற்கெனவே ஒரு வார்த்தை சேத்து ஒரு ஆளை பீச்சுக்கு அனுப்பிட்டோம்.”

எடுத்தேன். கோபமாகத்தான் எடுத்தேன். மட்டிப் படுகை என்று மட்டும் போட்டேன். வலைப்பையைச் சாக்கு ஆக்கினேன், கைக்கருவியை இரும்புப் பல் வாருகோல் ஆக்கினேன். சார் இன்னொரு தாளில் திருத்தச் சான்றைத் தன் கையாலேயே எழுதினார். நான் கன்னியப்பனைக் கூப்பிட்டேன்.

முதலில் அறிக்கையைப் படித்தோம். கன்னியப்பன் யோசித்துச் சொன்னார். “கடலுக்குள்ள ரொம்ப தூரத்துல ஒரு எடம். சாக்கும் வாருகோலும் வெச்சிக்கினு நின்னிருக்காரு. வேலையிலதான் இருந்திருக்காரு. தண்ணி பின்பக்கமா வந்து சுத்திக்கிச்சி.” போன மாதம் தான் சொன்னது அவருக்கு நினைவில்லை. எங்கள் இருவருக்கும் இருந்தது.

அடுத்து சார் தன் சான்றைத் தானே படித்தார். முடித்துவிட்டு, எப்போதும் போல, “என்ன புரிஞ்சுது?” என்றார்.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், தயங்கினார். “மொதல்ல குடுத்த பேப்பரு தப்பு, அதை யாரும் நம்பக்கூடாதுன்னு புரிஞ்சுதுங்க.”

“தப்பு யாருது?”

“உங்களுதுன்னு போட்டிருக்குதுங்க சார்.”

“சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு சார் முத்திரையை வைத்தார்.

பச்சையம்மாள் ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. அவருடைய வாக்குமூலம், குரலின் மொழிபெயர்ப்பு, திருத்தச் சான்று மூன்றும் அன்றைக்கே போயின. மூணரை பஸ்ஸைத்தான் விட்டுவிட்டார். நாலு மாதத்தில் பட்டியலிலிருந்து எங்கள் பேர் போனது. சார் அந்தக் கடிதத்தைப் படித்து, மடித்து, கோப்பில் வைத்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருமானம் குறைந்து ஆபீஸ் டைப்பிஸ்டை நிறுத்தியதும் அந்த வேலையையும் நானே பார்த்தேன். செய்த தப்புக்கு அது பெரிய தண்டனையாக எனக்குத் தோன்றவில்லை.

நித்யா, உன் கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் கொடுத்த வார்த்தை சரி. அதையே வை, அழகுபடுத்தாதே. வைப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் யார் குனிந்து நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடு. கன்னியப்பன் கடையை விற்றுவிட்டுப் போய்விட்டார். படித்துக் காட்ட வேறு யாரையாவது பிடி.

பட்டியலிலிருந்து எங்கள் பேர் போன பிறகு, மல்லாட்டை பிடுங்கும் சமயம் பச்சையம்மாள் மறுபடி வந்தார். கூடப் பெரிய பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். ஒன்பதாவது படிக்கிற பெண். நாங்கள் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் தரையைப் பார்த்தாள். அந்த நாட்டிலிருந்து இறுதி உத்தரவு வந்திருந்தது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு, ஏழுமலையோடு வேலை செய்தவர்களைத் திரும்ப விசாரித்திருக்கிறார்கள். எல்லோரையும் கம்பெனிதான் அழைத்துப் போனது என்று இரண்டு பேர் உண்மையைச் சொல்லியிருந்தார்கள். எங்கள் முத்திரை அங்கே செல்லாது என்று தெரிந்தும் பச்சையம்மாள் எங்களிடம்தான் கொண்டுவந்தார். “சும்மா படிச்சிக் காட்டுங்க, போதும்” என்றார்.

சும்மா என்று சார் அகராதியில் கிடையாது. மூன்று பார்வையும் நடந்தது. கடைசியில் நான் சத்தமாகப் படித்தேன். சார் எதிரே உட்கார்ந்து, பிரதியில் ஸ்கேலை வரி வரியாக இறக்கிக்கொண்டு வந்தார்.

“ஏழுமலை என்பவர், நிறுவனத்தின் உத்தரவின் பேரில், மற்ற ஊழியர்களுடன்...” என்று வந்தேன். அடுத்த வார்த்தை ‘மட்டிப் படுகையில்’. என் கையெழுத்தில், சரியாக, அப்படித்தான் இருந்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காது ‘சிப்பி’ என்ற வார்த்தைக்குக் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது.

“கழனியில் வேலை செய்துகொண்டிருந்தபோது இறந்தார்” என்று படித்தேன்.

அவள் நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தாள். ஸ்கேல் நின்றது. பேப்பரில் இல்லாத ஒரு வார்த்தையை நான் படித்தது என் வேலைக் காலத்தில் அது ஒரு தடவைதான். தட்டுக்காகக் காத்திருந்தேன். சார் கண்ணாடிக்கு மேலாக அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்கிவிட்டு, “மேல படி” என்றார்.